மெத்தைக்காரரின் முதுகு

சட்டைப் பைக்கு மேல் அவர் தினமும் குத்திக்கொள்ளும் வில்லை அவரை 'முதுகுநல ஆலோசகர்' என்கிறது. மெத்தைக் கடை நிர்வாகம் கொடுத்த பட்டம். குனியாமலே குத்திக்கொள்ளலாம் என்பதுதான் அதில் அவருக்குப் பிடித்த ஒரே அம்சம். குனிகிற காரியமெல்லாம் மனைவியின் இலாகா. காலையில் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அம்மாள் ஷூ நாடாவைக் கட்டிவிடுவார். கடையின் உயர்ந்த ரக மெத்தை வீட்டில் இருக்கிறது. ஆனால் ஆலோசகர் தூங்குவது முன்னறைச் சாய்வு நாற்காலியில். கேட்டால், "யாராவது ஒருத்தராவது அதுல நிம்மதியா தூங்கணும்ல?" என்பார்.

எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் இருக்கையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். பஸ் இருக்கை, முடிவெட்டும் நாற்காலி, எதற்கும் விலக்கில்லை. "ரெண்டே வருஷம். குழி விழுந்துடும்" என்று தீர்ப்பு வரும். சம்பந்தி வீட்டு சோபாவுக்கும் இதே தீர்ப்பைச் சொன்ன பிறகு, அங்கே அவருக்கு மர நாற்காலிதான் போடுகிறார்கள்.

இடுப்பில் புறப்பட்டு இடது கால் பெருவிரல்வரை மின்சாரம்போல் இறங்கும் வலி, அவருக்குச் சம்பந்தியைவிடப் பழைய உறவு. மாத்திரை, பயிற்சி, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. முதுகெலும்பில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். பிதுங்கிய டிஸ்க் நரம்பை நெருக்குகிறது. அதைச் சுற்றி மருந்து செலுத்தினால் வீக்கம் வடியலாம். சிலருக்குச் சில மாதம் கேட்கும், சிலருக்குக் கேட்காது, அபூர்வமாகக் கெடுதலும் உண்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆலோசகருக்கு அது பிடிக்கவில்லை. "நான் கடையில இப்படிப் பேசினா ஒரு தலகாணிகூட விக்காது" என்று மனைவியிடம் முணுமுணுத்தபடி எழுந்து வந்துவிட்டார். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். கால் வராமலே போய்விட்டால், நின்றே பிழைக்கும் மனிதன் என்ன செய்வான்?

அதன்பின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருபவர்களிடம், கட்டில் அளவைக் கேட்பதற்கு முன்பே, ஊசி போட்டதுண்டா என்று விசாரிக்கலானார். போட்டவர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவருக்கு ஒரே திருப்தி.

முதலில் தானே படுத்துக் காட்டி விற்பது அவர் பாணி. போன மாதம் ஒரு வயதான தம்பதிக்குப் படுத்துக் காட்டியவரால் எழ முடியவில்லை. முகத்தில் சுருக்கம் விழாமல், கூரையைப் பார்த்தபடியே மெத்தையின் அருமை பெருமைகளை நீட்டிக்கொண்டு போனார். அதில் இல்லாத அடுக்குகளையும் சேர்த்துக்கொண்டார். எழ மனமே வராத சுகம் என்று தம்பதி எடுத்துக்கொண்டார்கள். கிடங்கில் வேறு இல்லாததால் அதையே கட்டித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போனார்கள். வண்டிக்காரர்கள் இருவர் பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றார்கள்.

"அண்ணே, எறங்குங்க. பில் போட்டாச்சு."

"எறங்க முடியலப்பா."

"அப்போ உங்களையும் சேத்தா டெலிவரி?"

சிரித்தவர்கள், அவர் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு தோளாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

இந்தச் சங்கதி வீட்டுக்கு எட்டிய பிறகும் மனைவியிடம் அவர் தம் விசாரணை முடிவையே படித்தார்: ஊசி போட்ட ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "வலி இருக்கறவங்கதாங்க உங்க கடைக்கு வருவாங்க. வலி போனவன் எதுக்கு வர்றான்? வீட்டுல தூங்கிட்டிருப்பான்" என்றார்.

மறுபடி மருத்துவரிடம் போனார்கள். இன்றைக்கே போட்டுக்கொள்வதுதான் நல்லதா என்று தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"அவசரமில்லைங்க. போடாம இருக்கறதும் ஒரு முடிவுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

இன்று மட்டும்தான் இந்த விலை என்று வருடம் முழுவதும் சொல்பவருக்கு இது புது பாஷை. படி இறங்கும்போது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"விக்கவே தெரியாத மனுஷன்."

"அதுக்கு?"

"சரக்கு நல்லதா இருக்கலாம்."

குறித்த நாளில், முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியில், வில்லையில்லாமல் நின்றார். ஊசி போடும் மேசைமேல் விளிம்பு கிழிந்த மெல்லிய மெத்தை ஒன்று கிடந்தது. கவிழ்ந்து படுக்கச் சொன்னார் நர்ஸ். அவர் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் நேரே பலகையில் போய் இடித்தது.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு கவிழ்ந்து படுத்தார்.