செவலைக்கு ஊட்டிய சோறு

போன ஞாயிறு சொந்த ஊரான போடிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு முருகேசண்ணனுக்குச் சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். எனக்கோ, நான் பாடம் நடத்தும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை டியூட்டி. போக முடியவில்லை. மறுநாள் காலையில் துக்கம் விசாரிக்கப் போனால்... அங்கே இன்னொரு துக்கம்.

அண்ணன் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். சாயங்காலம் மலையிறங்கி வந்தால் நேரே தொழுவத்துக்குத்தான் போவார். செவலைப் பசுவின் கழுத்தைச் சொறிந்துவிட்ட பிறகுதான் காபி. "மொதல்ல அவளப் பாத்துட்டுத்தேன் என்னயப் பாப்பாரு" என்று பேச்சியம்மாள் மதினி பொய்க்கோபம் காட்டுவார்.

அந்தச் செவலை படுத்துக் கிடந்தது. கண்கள் குழிவிழுந்து, அசைபோடாமல்.

உள்ளூர் கால்நடை டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். இடது விலாவில் கை வைத்தேன். அசைவே இல்லை. தட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கியது. சாணத்தில் புளித்த வாடை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன குடுத்தீங்க மதினி?"

"காரியத்துச் சோறுதேன் தம்பி. அவரு பேரச் சொல்லி ஆளுக்கொரு கை ஊட்டுனாக. அவரு வளத்ததுல்ல..."

காரியத்தன்று மாட்டுக்கு ஒரு கவளம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கவளம்! ஆனால் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வந்த சொந்தம் மொத்தமும் ஊட்டினால்? சோறு, சர்க்கரைப் பொங்கல், பாயசம்...

வருடா வருடம் நான் வகுப்பில் நடத்துகிற பாடம்தான் இது. மாடு தின்பதை முதலில் தின்பது அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகிய அந்தக் கூட்டத்தின் மேல் திடீரென்று சோற்றைக் கொட்டினால் வயிறு முழுக்க அமிலம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மணி அடிக்கும். நானும் கேன்டீனுக்குப் போய்விடுவேன்.

மதியம் செவலை செத்துப்போனது.

"அவருதேன் கூப்பிட்டுக்கிட்டாரு தம்பி... அங்க தனியா இருக்க முடியாம" என்று அழுதார் மதினி. சோறுதான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆறுதலாவது அவருக்கு இருக்கட்டுமே! என் படிப்பை அங்கே போய்க் காட்ட வேண்டுமா?

செவலையை எடுத்துப்போன பிறகு, தொழுவத்தில் அதன் கிடாரிக் கன்று கத்திக்கொண்டே இருந்தது. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து ஒரு குண்டான் நிறைய மிச்சச் சோற்றோடு வந்தார்.

"இதாச்சும் வயிறாரத் திங்கட்டும்."

இனி எப்படிச் சும்மா இருப்பது? கையைப் பிடித்துத் தடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன்... அதை எப்படிச் சொன்னால் என்ன?

மதினி குண்டானைக் கீழே வைத்தார்.

"கடேசில அது மொகத்தத் திருப்புச்சு தம்பி. நாந்தேன்... அவரு பேரச் சொல்லி, இன்னும் ஒரு வாய் வாங்கிக்கடின்னு திணிச்சேன்."

"அந்த ஒரு வாயால ஒண்ணும் ஆயிருக்காது மதினி" என்றேன். உண்மையும் அதுதான். அவர் காதில் ஏறவில்லை.

இந்த வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். மாட்டின் வயிற்றில் அமிலம் மிகுவதற்குக் காரணம் என்ன? எல்லாரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் — மாவுச்சத்து.

யாராவது 'பாசம்' என்று எழுதியிருந்தால் மார்க் போட முடியாதுதான்... ஆனால் அதைத் தப்பென்று அடிக்க எனக்குக் கை வந்திருக்காது.