சியர்ஸுக்குச் சரக்கு வேண்டுமா?

கண்ணாடி டம்ளர் செய்யும் தொழிற்சாலையில் அவருக்குக் காதுக்காரர் என்று பேர். உலையிலிருந்து வந்து ஆறிய டம்ளர்களை இரண்டிரண்டாக எடுத்து, விளிம்போடு விளிம்பு மெல்லத் தட்டுவார். கணீரென்றால் பெட்டிக்கு. டொக்கென்றால் உடைசல் தொட்டிக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அந்தக் காதுக்குத் தப்பாது. வீட்டில் மனைவி கூப்பிடுவது மட்டும் ஏனோ அதில் விழுவதே இல்லை.

பக்கத்து மேஜையில் அதே வேலை பார்ப்பவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இருவரும் வேலைக்குச் சேர்ந்தது ஒன்றாக. குடிக்கப் பழகியதும் ஒன்றாகத்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் மச்சான் வீட்டு மாடியில் இரண்டு டம்ளர்கள் மோதிக்கொள்ளும். மோதிய டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இருவரும் காதுக்குக் கொண்டுபோவார்கள். தொழில் புத்தி யாரை விட்டது! "பழுதில்ல மாப்ள" என்று மச்சான் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் "சியர்ஸ்".

போன வருஷம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார். காதுக்காரர் அன்றோடு நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமை, வெறும் தண்ணீர் நிரப்பிய டம்ளரோடு மாடி ஏறினார். மச்சானுக்கு முகம் சுண்டிப்போனது.

"பச்சத் தண்ணிய வச்சிக்கிட்டு சியர்ஸ் சொல்லுவியா? என்னைக் குத்திக்காட்ட வந்தியா? போ மாப்ள, வீட்ல போய்ப் படு."

அதோடு பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்து மேஜையில் நாளெல்லாம் டம்ளர்கள் மட்டும் பேசின. திட்டியிருந்தால் காதுக்காரர் தாங்கியிருப்பார். இந்த மௌனம் அவரை உள்ளுக்குள் அரித்தது. மச்சானை விட்டால் அவருக்கு வேறு சிநேகிதன் கிடையாது.

மற்றவர்களாக இருந்தால் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசியிருப்பார்கள். இவர் புத்தி குறுக்கே ஓடியது. சியர்ஸ் என்ற அந்த வார்த்தைக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்? சரக்கு இல்லாமல் சொல்லக்கூடாது என்று யார் சொன்னது?

லாரி டிரைவரிடம் கேட்டார். "தொண்டைக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி அடிக்கிற ஹாரன்ண்ணே" என்றான். மேனேஜர், "வாழ்த்துதான்யா" என்று சொல்லிவிட்டு, "ஏன், எங்க பார்ட்டி?" என்று ஆவலாகக் கேட்டார். கடைசியில் கல்லூரியில் படிக்கும் மகளைப் பிடித்தார். அவள் நூலகத்துத் தடி அகராதியைப் புரட்டிவிட்டு வந்தாள்.

"பழைய பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்த சொல்லுப்பா. மொதல்ல அதுக்கு முகம்னுதான் அர்த்தம்."

"முகமா? மூஞ்சியா?"

"மூஞ்சியேதான். அப்புறம் மூஞ்சியில தெரியற மனநிலைக்கு அதே பேர் வந்துச்சு. அப்புறம் சந்தோஷம், அப்புறம் ஆரவாரம். கோப்பையத் தூக்கிட்டு இதச் சொல்றதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த பழக்கம்."

"சரக்கு?"

"அந்த வேர்ல சரக்கே இல்லப்பா. இங்கிலாந்துல கதவைத் தொறந்துவிட்டாக்கூட சியர்ஸ்ம்பாங்க. நன்றிங்கிற மாதிரி."

காதுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சனிக்கிழமையே மச்சான் வீட்டு மாடிக்குப் போய் நின்றார். மச்சான் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பாதி காலியான பாட்டில்.

"மச்சான், அதுக்கு அர்த்தம் மூஞ்சி! மொதல்ல மூஞ்சி, அப்புறம்தான் மத்ததெல்லாம். சரக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல!" மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார்.

மச்சான் நிமிரவில்லை. "அகராதிய வச்சு என்னை மடக்க வந்தியாக்கும்."

"இல்ல மச்சான். உங்களப் பாக்க வர ஒரு சாக்கு வேணும்ல. அதான்."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ வராத நாள்லயும் குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு வாரம் விடல. ஆனா அந்த வார்த்தைய மட்டும் ஒருநாளும் சொல்லல மாப்ள."

"ஏன் மச்சான்?"

"யார் மூஞ்சியப் பாத்துடா சொல்றது?"

காதுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்காமலே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.