கையெழுத்துப் போடாத அண்ணனுக்கு வந்த போன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் செய்த நன்மையை மறைத்தால் அதுவும் ஒரு திருட்டு.

போன வருஷம் நவம்பர் மழையில் ஊரில் எங்கள் வயல் முழுகிப்போனது. நாங்கள் இருப்பது கல்கத்தாவில், டாக்குரியாவில். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் அரசு வேலை. திருநெல்வேலிப் பக்கம் அந்த வயலில் பாடுபடுவது என் கொழுந்தன் செல்வின். பட்டா மட்டும், மூத்தவர் என்று என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது.

வெள்ள நிவாரணப் பட்டியலில் செல்வின் பெயர் ஏற வேண்டும் என்றால், பயிர் வைத்தது தம்பிதான் என்று இவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். லீவு இல்லை, தபால் வரவில்லை என்று இவர் நாளைக் கடத்தினார்.

காரணம் எனக்குத் தெரியும். விவசாயிகளுக்கு அரசாங்கம் நாலு மாதத்துக்கு ஒருமுறை போடும் உதவித்தொகையை நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தோம். அரசு வேலையில் இருப்பவர்கள் அதை வாங்கக் கூடாது. லீவில் போனபோது கம்ப்யூட்டர் சென்டரில் அரசு வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். இவர் தயங்கினார். "எல்லாரும்தானே வாங்குறாங்க, போடுங்க" என்றது நான்தான். பணம் ஏறியதும் பத்தில் ஒரு பங்கு தசமபாகத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவேன். அப்படிப் போட்டால் மிச்சம் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன். செல்வினுக்கு ஒரு ரூபாய் அனுப்பியதில்லை. இப்போது கையெழுத்துப் போட்டால் யாராவது பட்டாவைக் கிளறி, உதவித்தொகை வாங்குவது தெரிந்துவிடுமே என்று பயம்.

செல்வின் பெயர் ஏறாமலே பட்டியல் முடிந்துபோனது. அவன் போனில் பேசினான்.

"மதினி, நான் நிலத்தையா கேட்டேன்? ஒரு கையெழுத்து. அதுக்குக்கூட ஆகாதவனாப் போயிட்டேன்."

வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போகிறானாம். இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அடுத்த மாதமே, வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. எதை மறைக்கத் தம்பியைக் கைவிட்டோமோ அதுவும் மறையவில்லை.

உபவாசம் எடுத்தேன். கீழ்வீட்டுப் பௌதி, அதாவது வங்காளி அண்ணி, "உன் சாமி மாசத்துல எத்தனை நாள் பட்டினி போடுவாரு?" என்று சிரித்தாள். கடிதம் ரத்தாகட்டும் என்றுதான் ஜெபித்தேன். பதில் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்திருக்கவே மனசில்லை. ஒருநாள் என் வாயில் வேறு ஜெபம் வந்தது. "ஆண்டவரே, கடிதம் இருந்துட்டுப் போகட்டும். எங்க தம்பியத் தாரும்."

அந்தச் சனிக்கிழமை பாலிகஞ்சில் நடந்த வீட்டு ஜெபக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே என் வீட்டுக்காரர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சபையில் ஒரு சகோதரர் இப்போதும் எங்களுக்குக் கை கொடுப்பதில்லை. இவர் வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்டினார். ஆபீசிலும் எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போய் வயலைத் தம்பி பெயருக்கே மாற்றினார். திருப்பூரிலிருந்து பத்திர ஆபீசுக்கு வந்த செல்வின், அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

போன நிவாரணம் போனதுதான். ஆபீஸ் விசாரணை முடியவில்லை. வேலை இருக்குமா, தெரியாது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உலை வைத்தேன். போன் அடித்தது.

"மதினி, அண்ணன்கிட்டக் குடுங்க. விதைநெல் கடையில நிக்கேன். எந்த ரகம் வாங்கன்னு கேக்கணும்."

இவருக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது செல்வினுக்கும் தெரியும். அரைமணி நேரம் பேசினார்கள். நான் அடுப்படியில் முழங்கால் போட்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு சொல்ல வேண்டிய ஆளிடமும் சொல்லுங்கள். அவர் உங்கள் கூட நிற்பார்.