பெரியப்பா கும்பிட்டவர்கள்

என் பெரியப்பா ஒருநாள் காலையில் பால் கறக்க வந்தவரைக் கும்பிட்டார். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் கண்டிராத காட்சி அது. பெரியப்பாவின் கை மேலே எழுந்தால் யாருக்கோ அடி விழப்போகிறது என்றுதான் அர்த்தம். பால்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்லீங்க. உங்களுக்குள்ள சாமி இருக்குதுங்க. அதைத்தான் கும்புட்டேன்" என்றார் பெரியப்பா.

நெஞ்சுவலி வந்து, டாக்டர் கோபத்தைக் குறைக்கச் சொல்லி, கோயமுத்தூரில் ஏதோ தியான முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார். அதன்பிறகு களை வெட்ட வந்தவர்கள், மீட்டர் பார்க்க வந்தவர் என்று எதிரே வந்த எல்லோரையும் கும்பிட்டார். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னையும் விடவில்லை. சாமி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

யாரும் நம்பவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப்போகிறார் என்றது ஊர். கிணற்றோரக் காட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கத்தான் இந்தக் கும்பிடு என்றார் அப்பா. அம்மாவின் சந்தேகம் வேறு. பெரியம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்த வேட்டி கட்டிக்கொண்டு பெரியப்பா கோயமுத்தூர் பஸ் ஏறினார்.

"முகாமுதான் முடிஞ்சுபோச்சே, அப்பறம் அங்க என்ன வேலை? நீ கூடப் போயி யாரைப் பாக்கறாருன்னு பாத்துட்டு வா கண்ணு" என்று அம்மா என்னைத் தயார் செய்தார். ஊர் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று பெரியப்பாவிடம் சொல்லப்பட்டது. அவர் கொஞ்சமும் தயங்காமல் கூட்டிப்போனது எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது.

கோயமுத்தூரில் டவுன் பஸ் மாறி உக்கடத்தில் இறங்கி, குளத்துக் காற்றில் நடந்து, ஒரு சந்துக்குள் நுழைந்தோம். கதவுக்கு மேல் சிலுவை மாட்டிய வீடு. பெரியப்பா கதவைத் தட்டியதும் ஒரு பெண் வந்து நின்றார். அவர் 'வாங்க' என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் விரோதிக்கும் அந்த ஒரு சொல் உண்டு. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"எதுக்குங்கண்ணா வாரா வாரம் வர்றீங்க? காட்டுப் பத்திரத்துல என்ற கையெழுத்து வேணுமா? குடுங்க, போட்டுத் தர்றேன். அதுக்கு எதுக்கு இந்தக் கும்புடு?"

"கையெழுத்தெல்லாம் வேண்டாம் அம்மணி. உனக்குள்ள இருக்கற சாமியக் கும்புட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தப் பெண் சிரித்தார். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

"தோட்டத்து ஊட்டுல என்னையப் போட்டுப் பூட்டி வெச்சீங்களே, அன்னைக்கு அந்தச் சாமி எங்கீங்க போயிருந்துது?"

பெரியப்பாவின் கூப்பிய கை இறங்கவில்லை.

"உள்ளதான் இருந்துது. அதையும் சேத்துத்தான் பூட்டிப்போட்டேன்."

அந்தப் பெண் என் அப்பாவின் தங்கை. சர்ச்சுக்குப் போகும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதால், இப்படி ஒருத்தி பிறந்ததையே எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் பக்கம் பஸ் கண்டக்டரும் அண்ணன்தான் என்பதால், அவர் 'அண்ணா' என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வெயில்ல நிக்காத கண்ணு. உள்ள வா."

என்னைத்தான் கூப்பிட்டார். பெரியப்பா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே எனக்குக் கேக் கொடுத்துவிட்டு, அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"உங்கப்பா இன்னமும் தயிரு இல்லைன்னா சோத்துல கை வைக்க மாட்டாரா?"

எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கதை சிலுவை வீட்டுக்கு எப்படி வந்தது? இந்தப் பெண் ஏதோ பெரிய திட்டத்தில் இருக்கிறார் என்று முடிவு செய்து, பதில் சொல்லாமல் கேக்கை மட்டும் தின்று முடித்தேன். திரும்பி வரும்போது பெரியப்பா டிக்கெட் கொடுத்த கண்டக்டரையும் கும்பிட்டார், பிறகு தூங்கிவிட்டார்.

சாயங்காலம் சமையற்கட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிலுவையைச் சொன்னபோதே அம்மாவின் கரண்டி நின்றுவிட்டது. தயிர் விஷயத்தைச் சொன்னதும், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "உன்னைய யாரு அங்கெல்லாம் போகச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருகிறவர் அல்ல.

"ஒடம்பு கிடம்பு நல்லா இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா. பஸ்ஸுல நல்லாத் தூங்கிட்டே வந்தாருங்க."

"பெரியப்பாவக் கேக்கல கண்ணு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வாரம் உடம்பு முடியாமல் கிடந்தது சினைமாடு ஒன்றுதான். அது காலையிலேயே தீவனம் தின்றுவிட்டது என்று சொன்னேன். அப்பா, "சரி கண்ணு" என்றார். ஆனால் எழுந்து போய் மாட்டைப் பார்க்கவில்லை. இன்னும் நான் ஏதோ சொல்வேன் என்பதுபோல அங்கேயே உட்கார்ந்திருந்தார்.