குவைத்துக்குப் போனவளுக்கு ஓட்டு

தம்புள்ளையிலிருந்து சீகிரியாவுக்கு என்னை ஏற்றிச்சென்ற முச்சக்கரவண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சாயம் பூசிய மீசை. சந்திக்குச் சந்தி வண்டியை ஓரங்கட்டி, கைபேசியைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

தான் ஒரு தொடர்கதை நடத்துவதாகச் சொன்னார். கணவனோடு கோபித்துக்கொண்டு குவைத்துக்கு வேலைக்குப் போன ஒருத்தியின் கதை. தொடக்கம் முகநூலில், சண்டை டிக்டொக்கில், கண்ணீர் யூடியூப்பில். அவள் திரும்பி வரலாமா, கூடாதா என்பதை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் வாசகர்கள் ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்க வேண்டுமாம். ஒரு சாதாரணக் குடும்பச் சண்டைக்கு இத்தனை மேடைகள். நானும் குழுவில் சேர்ந்து, இலக்கியத் தரத்தை உத்தேசித்து, ‘வரக்கூடாது’ என்று போட்டேன்.

“சேர் மாதிரி படிச்சவங்க எல்லாம் அப்படித்தாங்க போடுறாங்க,” என்றார்.

“கதாநாயகி கற்பனைதானே?” என்று கேட்டேன்.

“என் சம்சாரந்தாங்க. அவளும் குரூப்புல இருக்கா. எல்லாத்தையும் பாக்குறா. ஓட்டுத்தான் இன்னும் போடல.”

இதுவும் பயணிகளுக்கென்றே அவர் வைத்திருக்கும் இன்னொரு அத்தியாயமோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. இருந்தாலும் இறங்குவதற்கு முன் என் ஓட்டை மாற்றிப் போட்டேன்.