மேற்குத் தூணும் பதினோரு மணி டீயும்

போத்தனூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் விற்றவர் சாயிரா பானு. சாலையை அகலப்படுத்தியபோது அவர் கடை முதலில் குறுகியது. பிறகு சாலைக்குள்ளேயே போய்விட்டது. எட்டு மாதமாக வீட்டில் சும்மா கிடந்த பாய்லரை வாரம் தவறாமல் துலக்கி வைத்தார். அது மறுபடி கொதிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, காரமடைக்கு அப்பாலிருந்த எழுநூறு வயதுக் கல்மண்டபம். ஊட்டிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்குவார்கள். ஒரு வாய் டீ கிடைக்காது என்று தெரிந்ததும் வரலாற்றை அப்படியே விட்டுவிட்டு வண்டியேறுவார்கள்.

பாதுகாக்கப்பட்ட அந்த மண்டபத்தில் கடை வைக்க விடலாமா என்று முடிவு செய்யும் குழுவின் தலைவர் தம்பிதுரை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மறுப்பதையும் கும்பிட்டுக்கொண்டே செய்யும் மனிதர்.

"ஏனுங்க அம்மணி, தாராளமா வெய்யுங்க. வேண்டாம்னு நான் சொல்லுவனுங்களா? ஆனா மண்டபத்தோட காலத்துல இருந்த பண்டமா இருக்கோணுங்க. அதுதானுங்க பாரம்பரியம்."

சாயிரா பட்டியலை நீட்டினார். தம்பிதுரை சிவப்புப் பேனாவைத் திறந்தார். உருளைக்கிழங்கு போண்டாவா? கிழங்கு பிற்பாடு பறங்கியர் கப்பலில் வந்தது. தக்காளிச் சட்னியும் அதே கப்பல். மிளகாய்த்தூள் பட்ட பாவத்துக்கு பஜ்ஜியும் போனது.

"நிலக்கடலையாவது உடுங்க சார்."

"அதுவும் அசலூருதானுங்க."

சொந்தத் தோட்டத்தில் மூன்று ஏக்கர் கடலை நிற்பது அந்தக் கணம் தம்பிதுரையின் நினைவில் இல்லை. கடைசியில் டீயின் மேலும் கோடு விழுந்தது. மிஞ்சியவை கம்பங்கூழும் மோரும்தான்.

சாயிரா வாதாடவில்லை. "சரிங்க. நாளைக்கு ஆய்வுக்கு வாங்க. செஞ்சுபோட்டு வெக்கறனுங்க."

மறுநாள் மூன்று பேர் கொண்ட குழு மண்டப நிழலில் அமர்ந்து கூழை மனதாரப் பாராட்டியது. பதினோரு மணிக்குத் தம்பிதுரை நெற்றியைத் தேய்த்தார். அந்நேரத்து டீ தவறினால் அவருக்கு மண்டை பிளந்துவிடும்.

"ஏனுங்க, ஒரு அரை டம்ளர் டீ..."

"டீயாங்க?" சாயிரா நாக்கைக் கடித்துக்கொண்டார். "மண்டபத்துக்கு அது ஐநூறு வருசம் எளசுங்களே! வேணும்னா கம்பிவேலிக்கு வெளிய வாங்க. பாய்லர் அங்கதானுங்க இருக்குது."

குழு வெளியே நடந்தது. இஞ்சி மணத்தது. ஆனால் சித்திரை வெயில். தலைக்கு மேல் ஒரு இலைகூட இல்லை. முதல் டம்ளரில் தம்பிதுரையின் தலைவலி போனது. இரண்டாவதில் வழுக்கை சுட்டது. மூன்றாவதில் ஆராய்ச்சிக் கண் திறந்தது.

"அந்த மேக்காலத் தூணைப் பாருங்க. சிமெண்டு பூசியிருக்குதல்லங்க?"

"ஆமாங்க, ஆமாங்க," என்றனர் மற்ற இருவரும், வியர்வையைத் துடைத்தபடி.

"வெள்ளைக்காரன் காலத்து ரிப்பேருங்க. அப்ப அந்தத் தூணு இருபதாம் நூற்றாண்டு. டீ அதுக்குப் பெரியப்பனுங்க!"

மேற்குத் தூணின் நிழலில் டீ விற்கலாம் என்று தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது.

"மொளகாயுங்க?" என்று சாயிரா நினைவூட்டினார்.

"கப்பலும் சிமெண்டுக்கு முந்தித்தானுங்களே," என்று சொல்லி பஜ்ஜியையும் சேர்த்தார் தலைவர்.

இப்போது கூட்டமெல்லாம் அந்தச் சிமெண்டுத் தூணைச் சுற்றித்தான். மற்ற பதினைந்து தூண்களும் எழுநூறு வருடப் பொறுமையோடு பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தம்பிதுரை தினமும் பதினோரு மணிக்குத் தவறாமல் ஆய்வுக்கு வருகிறார்.

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் நூடுல்ஸ் கேட்டாள்.

"அதுக்கு இன்னொரு தூணுக்குப் புதுசாப் பூசோணும் கண்ணு," என்றார் சாயிரா. "சார்கிட்டச் சொல்லியிருக்கறேன். கெழக்கால எங்கியாவது கீறல் உட்டிருக்குதான்னு பாத்துட்டு இருக்கறாரு."