பழைய எண்ணில் இருபத்தொரு நாள்

2023 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை, கடைசி லாரியும் கிளம்பிப் போயிற்று. சாஆ என்ற சிற்றூருக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களை ஒட்டியிருந்த அந்தச் சின்ன ராணுவ விமானத் தளத்தைத் தெற்கே உள்ள பெரிய தளத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஹெலிகாப்டர்கள், பட்டறை, கிடங்கு, சமையற்கூடம் எல்லாம் போய், வாசலில் இரண்டு காவலர்களும் உள்ளே தொலைபேசி ஆப்பரேட்டர் புஷ்பவள்ளியும் மிஞ்சினார்கள். பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளை இருபத்தொரு நாள் புதிய தளத்துக்கு மாற்றிவிடுவது அவருடைய வேலை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த நாற்காலியில் இருபத்து மூன்று ஆண்டு. கணவர் இறந்து நான்காண்டு ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மற்ற எல்லாருக்கும் மாற்றல் கடிதம் வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. பெரிய தளத்திலும் ஓர் ஆப்பரேட்டர் இருந்தாள். இரண்டு தளம் ஒன்றானபின் வேலை ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் முகம் தெரியாத ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்க வேண்டும்.

முதல் நாளே மறுமுனையில், பெரிய தளத்தில் இருந்தவள் கேட்டாள். "அக்கா, நீங்க தமிழா? நான் ஷர்மினி, சொந்த ஊர் உலு திராம். அங்க ஆளே இல்லையாமே. பேய் போன் பண்ணா எங்க போடுவீங்க?"

"உன்கிட்டதான் தள்ளுவேன். உத்தரவு அப்படித்தானே."

"அலமாக். நான் லீவு லா அன்னைக்கு."

நாளொன்றுக்குப் பத்து அழைப்பு வந்தது, அடுத்த வாரம் நான்கானது. அழைப்பே இல்லாதபோதும் ஷர்மினி கூப்பிட்டாள். என்ன சமையல், மழை உண்டா, மாமியார் என்ன சொன்னாள் என்று பேசுவாள். புஷ்பவள்ளியோடு அந்த நாட்களில் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

16ஆம் தேதி கடிதம் வந்தது. பணிமூப்புப்படி வேலை புஷ்பவள்ளிக்கு. வேண்டாமென்றால் 21ஆம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும்.

மறுநாள் காலை ஷர்மினி கூப்பிட்டாள். "யாரோ சீனியராம்கா. என்னை ஜேபி டவுன்ல ஒரு ஆபீசுக்குத் தூக்கிட்டாங்க. உங்களுக்கு யாருன்னு தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான்மா" என்றார் புஷ்பவள்ளி.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்து."

"நேத்து சாயந்திரம் பேசினோமே" என்று மட்டும் சொல்லி ஷர்மினி வைத்துவிட்டாள்.

21ஆம் தேதி வேண்டாமென்று ஒரு தாளில் எழுதினார். மேசைமேல் சாயந்திரம்வரை வைத்திருந்தார். வெளியே ஓடுதளத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. விளக்குப் போடாமல் கிடக்கும் தம் வீட்டை நினைத்தார். ஐந்து மணிக்குத் தாளை அனுப்பாமலே மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன்பின் மறுமுனை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. ஷர்மினி அழைப்பை வாங்கினாள், மாற்றினாள், வைத்தாள். 28ஆம் தேதி கடைசி அழைப்பு ஒரு டயர்க் கடையிலிருந்து வந்தது. மாற்றிவிட்டபின் புஷ்பவள்ளி வைக்காமல் காத்திருந்தார்.

"ஷர்மினி..."

"ஓகே புவான். லைன் கிளியர்." மேலதிகாரியை அழைப்பதுபோல் புவான் என்றாள், அக்கா என்று சொல்லவில்லை.

மறுநாள் பெரிய தளத்தில் அறுநூறு பேருக்கு நடுவே புஷ்பவள்ளி உட்கார்ந்தார். காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கூப்பிட்டவர் எல்லாருமே வேறு யாரையோ கேட்டார்கள்.